யோ-யோவுக்கும் உண்டு பிரேக் கட்டை: 19 மி.மீ. சிலிகோன் பேட்கள் பற்றி ஒரு மதிப்பீடு

என்னிடம் இருக்கும் ரீப்ளே ப்ரோ யோ-யோ, நான்கு ஆண்டுகள் அலுக்காமல் உழைத்த பிறகு, சென்ற மாதம் கைக்குத் திரும்பி வர மறுக்கத் தொடங்கியது. எறிந்தால் கயிற்றின் நுனியில் முன்போலவே நெடுநேரம் சுழன்றது. கயிற்றின்மேல் ஏற்றினாலும் இறக்கினாலும் சாய்வு காட்டவில்லை. ஆட்டத்தை முடித்துக்கொள்ளலாம் என்று கயிற்றை மடித்து உள்ளே கொடுத்து இழுக்கும்போது மட்டும், அந்த மடிப்பு ஒரு கணம் பிடிபட்டதுபோல் தோன்றி, அடுத்த கணமே வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. இரண்டாம் முறை முயன்றபோது பாதித் தூரம் ஏறி வந்து நின்றது. மூன்றாம் முறைக்குள் சுழற்சியே தீர்ந்துபோய், கிணற்றுக்குள் விட்ட வாளியைப் போலத் தொங்கியது. கையால் சுற்றிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. இதை யோ-யோவின் குறை என்று சொல்ல முடியாது. சைக்கிளுக்குப் பிரேக் கட்டை தேய்வது எப்படியோ, அப்படித்தான் யோ-யோவுக்கு உள்ளே இருக்கும் பேட்கள் தேய்வதும். தேய்ந்த பேட்களைக் கழற்றிவிட்டுப் புதியவற்றை ஒட்டிய அனுபவத்தையும், அதற்காக வாங்கிய இரண்டு வகைப் பேட்களையும், கடைசியாகச் செய்து பார்த்த சிலிகோன் ஊற்றும் முறையையும் பற்றியதே இந்த மதிப்பீடு.

பேட் எதற்காக இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அது தெரியாமல் வாங்குகிறவர்கள்தான் தவறான அளவை வாங்கி ஏமாறுகிறார்கள். 1928இல் அமெரிக்காவின் சாண்டா பார்பராவில் யோ-யோ செய்து விற்கத் தொடங்கிய பிலிப்பைன்ஸ்காரரான பெட்ரோ ஃபுளோரஸின் யோ-யோக்களில், கயிறு அச்சோடு முடிச்சிட்டுக் கட்டப்படாமல், அச்சைச் சுற்றி ஒரு கண்ணியாக மட்டும் மாட்டப்பட்டிருந்தது. அதனால் யோ-யோ கயிற்றின் நுனியில் நின்று சுழல முடிந்தது. ஆனாலும் அச்சு மரம் என்பதால், கையைச் சற்று உயர்த்தினாலே கயிறு மரத்தைப் பற்றிக்கொண்டு மேலே வந்துவிடும். பம்பரம் விட்டவர்களுக்கு இந்தச் சங்கதியைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. சாட்டையின் நுனியை எச்சில் தொட்டு ஈரமாக்கிக்கொண்டு சுற்றியதும் இதே பிடிமானத்துக்காகத்தான். பின்னர் 1990இல், சான்ஃபிரான்சிஸ்கோவில் பல் மருத்துவராக இருந்த டாம் குன், சில்வர் புல்லட் 2 என்ற அலுமினிய யோ-யோவில் பால் பேரிங்கைப் பொருத்தினார்; இரு பாதிகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கூட்டவும் குறைக்கவும் அதில் வழி இருந்தது. பேரிங் வந்தபின் அச்சில் உராய்வு என்பது ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. சுழலும் நேரம் நீண்டது. திரும்பி வரும் குணம் குறைந்தது. அந்தக் குணத்தை யோ-யோவுக்கு மீட்டுத் தரும் பொறுப்பு அச்சிலிருந்து பக்கச் சுவர்களுக்கு மாறியது. சுவரில் சூரியக் கதிர்கள்போல வார்க்கப்பட்ட மேடுகள், ரப்பர் ஓ-ரிங், சொரசொரப்பான ஸ்டிக்கர் என்று ஒவ்வொன்றாக வந்துபோய், இன்று பெரும்பாலான யோ-யோக்களில் நிலைத்திருப்பது பேரிங்கைச் சுற்றியுள்ள பள்ளத்தில் உட்காரும் சிலிகோன் வளையம்.

இன்றைய போட்டி யோ-யோக்கள் இழுத்தவுடன் திரும்பி வருபவை அல்ல. கயிற்றை மடித்து இடைவெளிக்குள் கொடுத்தால்தான் வரும். பைண்ட் என்று ஆடுகிறவர்கள் சொல்வது இதைத்தான். மடிந்த கயிறு இரட்டைத் தடிமனாக உள்ளே போகும்போது இரு பக்கச் சிலிகோன் வளையங்களும் அதைக் கவ்வுகின்றன. முதல் சுற்று இறுகிவிட்டால், மீதிக் கயிறு தானாகவே சுற்றிக்கொள்ளும். ஆகவே இந்த வளையங்கள் செய்யும் வேலை அரை நொடிக்கும் குறைவான நேரம்தான். அந்த அரை நொடியில் கவ்வத் தவறினால், மற்ற எல்லாம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தும் பயனில்லை.

பேடின்மேல் பழிபோடுவதற்கு முன்னால் கயிற்றை மாற்றிப் பார்ப்பது நல்லது. பழைய பாலியெஸ்டர் கயிறு மெலிந்து வழவழப்பாகிவிடும், அதுவும் வழுக்கும். நானும் முதலில் புதுக் கயிறு மாட்டிப் பார்த்தேன். ஒரு நாள் ஒழுங்காக நடந்துகொண்டு, மறுநாள் பழைய கதைக்கே திரும்பியது. திருகிப் பிரித்துப் பார்த்தபோது காரணம் கண்ணெதிரே இருந்தது. ஒரு காலத்தில் வெண்மையாக இருந்த வளையம், பழைய அழிப்பான் ரப்பரைப் போலச் சாம்பல் நிறமாகியிருந்தது. அதன் மேற்பரப்பில் கயிற்றின் நார்த்தூளும், பேரிங்குக்கு விட்ட எண்ணெயில் சிதறிய துளியும் சேர்ந்து, விரல் வைத்தால் கண்ணாடிபோல வழுக்கும் ஒரு படலமாக மாறியிருந்தன. அதைவிட முக்கியமாக, வளையம் சுவரின் மட்டத்தைவிட நன்றாகக் கீழே இறங்கியிருந்தது. நகத்தை ஓட்டினால், சுவரிலிருந்து பேடுக்குள் இறங்கும் படி தெளிவாகத் தட்டுப்பட்டது.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. ரீப்ளே ப்ரோவைப் போலவே, இன்று விற்கும் பல யோ-யோக்களில் 19 மில்லிமீட்டர் வெளிவிட்டம் கொண்ட ஸ்லிம் பேட்தான் பொருந்தும். எல்லாவற்றிலும் பொருந்தாது. இதைவிடப் பெரிய, அகலமான வளையங்களைக் கேட்கும் பழைய மாடல்கள் உண்டு. சிறிய பேரிங் கொண்டவை வேறு அளவைக் கேட்கும். பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்க்க வேண்டும், அல்லது பள்ளத்தின் வெளி விளிம்பை ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். படத்தைப் பார்த்து வாங்கினால் பணம்தான் போகும்.

நான் இரண்டு வகைகளை வாங்கினேன். ஒன்று, சிபிசி என்ற பெயரில் விற்கப்படும் ஸ்லிம் பேட். வெளிநாட்டிலிருந்து கயிறு வரவழைத்த நண்பரின் பார்சலோடு சேர்ந்து வந்தது. மற்றொன்று, நிறுவனத்தின் பெயரே இல்லாமல், பிளாஸ்டிக் உறையில் பத்து வளையங்களாக இணையச் சந்தையில் கிடைத்தது. விலை முந்நூறு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. முதல் வகையில் நான் எடுத்த நான்கு வளையங்களும் வெர்னியரில் ஒரே தடிமன் காட்டின. வெட்டு விளிம்பில் பிசிறு இல்லை. நகத்தால் அழுத்தினால் சட்டென்று குழிந்து, உடனே நிமிர்ந்தது. பெயரில்லாத பாக்கெட்டின் வெளிவிட்டம் சரியாகவே இருந்தது; தடிமன்தான் கட்டுக்குள் இல்லை. பத்தில் மிக மெல்லியது 0.9 மி.மீ.; மிகத் தடித்தது 1.2 மி.மீ. கேட்பதற்கு அற்ப வித்தியாசம்போலத் தோன்றும். இடப்பக்கத்தில் மெல்லியதும் வலப்பக்கத்தில் தடித்ததும் அமைந்துவிட்டால், கயிறு எப்போதும் ஒரு பக்கத்தையே உரசிக்கொண்டிருக்கும். ஆட்டத்தின் நடுவில், கேட்காமலே யோ-யோ திரும்பிப் பாய்ந்து வரும். எடை மிகுந்த யோ-யோ ஒன்று அப்படித் திரும்பி விரல் முட்டியில் இறங்கினால், அடுத்த இரண்டு நாள்களுக்குப் பேனா பிடிப்பதே சிரமம். ஆகவே மலிவான பாக்கெட்டை வாங்குகிறவர்கள், ஒட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, ஒத்த தடிமன் உள்ளவற்றை ஜோடி ஜோடியாகப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். எனக்குப் பத்தில் மூன்று ஜோடிகள் தேறின. மீதி நான்கும் உருப்படியான எதற்கும் உதவவில்லை.

மாற்றும் வேலை மொத்தமும் கால் மணி நேரம்தான். ஆனால் அந்தக் கால் மணி நேரத்தில் கெடுத்துக்கொள்வதற்கு நிறைய வாய்ப்புகள் உள்ளன. வெள்ளைத் துணி ஒன்றை விரித்து அதன்மேல் பிரிக்க வேண்டும். பேரிங் உருண்டு கட்டிலுக்கடியில் போய்விட்டால் அன்றைய வேலை அதோடு முடிந்தது. இரு பாதிகளும் கழன்றபின் அச்சு ஒரு பாதியில் நின்றுகொள்ளும். அதைத் தொட வேண்டாம். பேரிங்கை மட்டும் எடுத்துவிட வேண்டும். இறுகியிருந்தால், துணி சுற்றிய குறட்டால் பிடித்து மெல்ல இப்படியும் அப்படியும் அசைத்தால் வந்துவிடும். நெம்பினால் அது உட்காரும் தண்டு சேதமாகும். பெரும்பாலான யோ-யோக்களில் உள்ளது சி அளவுப் பேரிங், உள்விட்டம் 6.35 மி.மீ., வெளிவிட்டம் 12.7 மி.மீ., அகலம் 4.76 மி.மீ. இந்தக் கடைசி எண்ணைப் பற்றிப் பின்னால் மறுபடியும் சொல்கிறேன்.

பழைய வளையத்தின் ஓரத்தில் ஒரு ஊக்கின் முனையைப் படுக்கைவாட்டில் செருகி, பள்ளத்தின் அடியைக் கீறாமல் தூக்கினால், வளையம் நாடாபோல உரிந்து வரும். என் யோ-யோவில் ஒரு பக்கம் முழுசாக வந்தது. மறுபக்கம் நான்கு துண்டுகளாக வந்து, பசையைப் பள்ளத்திலேயே விட்டுச் சென்றது. பசையை எடுப்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் நானும் விழுந்தேன். வீட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த நகப்பூச்சு நீக்கியைப் பஞ்சில் தொட்டு, வேறொரு பிளாஸ்டிக் யோ-யோவின் பள்ளத்தைத் துடைத்தேன். பசை போயிற்று; கூடவே பளபளப்பும் போயிற்று. கண்ணாடிபோல இருந்த பகுதி பால் ஊற்றியதுபோல வெளுத்து, மறுநாள் மயிரிழை விரிசல்களும் தெரிந்தன. அசிட்டோன் பட்டால் பாலிகார்பனேட் போன்ற பிளாஸ்டிக்குகளுக்கு இந்தக் கதிதான். மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைக் காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டுப் பொறுமையாகத் தேய்த்தாலே போதும். சற்று நேரம் கூடுதலாகும், பொருள் பிழைக்கும். அலுமினிய யோ-யோவுக்கு இவ்வளவு அச்சம் தேவையில்லை.

பள்ளம் முற்றிலும் காய்ந்தபின் புது வளையத்தின் அடித்தாளை உரித்து ஒட்ட வேண்டும். விரலால் பசைப் பக்கத்தைத் தொடக்கூடாது. கை எண்ணெய் பட்ட இடம் பிறகு மேலெழும்பும். ஊக்கின் நுனியில் வளையத்தைத் தொங்கவிட்டு, பள்ளத்தின் ஒரு முனையில் முதலில் உட்காரவைத்து, அங்கிருந்து இரு திசையிலும் கொஞ்சம் கொஞ்சமாக அமர்த்திக்கொண்டு வருவது என் வழக்கம். சிலிகோன் இழுபடும் பொருள் என்பதால், ஒரு பக்கம் இழுத்து ஒட்டிவிட்டால், சில மணி நேரத்தில் அது தன் பழைய அளவுக்குச் சுருங்க முயன்று எதிர்ப்பக்கத்தில் சுவரைவிட்டு விலகிக்கொள்ளும். சுற்றிலும் உட்கார்ந்தபின், பேனாவின் தட்டையான பின்பக்கத்தால் அழுத்தி, விளக்குக்கு நேராகப் பிடித்துப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். எங்காவது ஓரம் தூக்கியிருந்தால், கயிறு அதைக் கண்டிப்பாகக் கண்டுபிடித்துவிடும். ஒட்டிய கையோடு ஆடாமல் ஓர் இரவு விட்டுவைப்பது நல்லது. மலிவான பாக்கெட்டின் பசை இதிலும் சோதித்தது: மே மாதத்து மதியத்தில் பைக் பெட்டிக்குள் இரண்டு மணி நேரம் கிடந்ததில், ஒரு வளையம் பள்ளத்தைவிட்டு நகர்ந்து பேரிங்கின்மேல் சாய்ந்திருந்தது. அதே பெட்டியில், அதே வெயிலில் இருந்த சிபிசி பேட் அசையவில்லை.

திரும்ப மாட்டும்போது இறுக்கமாகத் திருகும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். கைக்கு இறுகியது என்று தெரிந்தால் போதும். அதற்கு மேல் திருகினால், பிளாஸ்டிக்கில் பதித்த நட்டு சுழன்றுவிடும், அலுமினியத்தில் மரை போய்விடும்.

புதுப் பேட் ஒட்டியவர்கள் பெரும்பாலும் முதல் நாளிலேயே, பொருள் சரியில்லை என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். வழுக்கிக்கொண்டிருந்த யோ-யோ இப்போது தொட்டதற்கெல்லாம் கவ்வும். கயிற்றின்மேல் ஏற்றியவுடன் கைக்குப் பாயும். எனக்கும் முதல் மாலை அப்படித்தான் கழிந்தது. புதுச் சிலிகோனின் மேற்பரப்பு ஒட்டும் தன்மை மிகுந்தது என்பதும், அது சுவர் மட்டத்தைவிட ஒரு மயிரிழை உயர்ந்து நிற்கிறது என்பதும் இதற்குக் காரணங்கள். சிபிசி பேட் என் கையில் இரண்டு மாலை நேர ஆட்டத்தில் அடங்கியது. அவசரம் உள்ளவர்கள், பழைய கயிற்றை மாட்டிப் பத்து இருபது முறை வேகமாக எறிந்து பைண்ட் போட்டால் விரைவில் அடங்கும். சிலர் மாவு தடவுகிறார்கள், கேரம் பவுடர் போடுகிறார்கள். தற்காலிகமாக வேலை செய்யும், ஆனால் அந்தத் தூள் பேரிங்குக்குள் போனால் கரகரவென்று சத்தம் கேட்கத் தொடங்கும். நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இங்கேதான், பேட் மாற்றுவது வேறு, சரிசெய்வது வேறு என்பது புரிகிறது. யோ-யோ எவ்வளவு எளிதாகத் திரும்பி வர வேண்டும் என்பதைப் பேடின் உயரம், இரு சுவர்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி, கயிற்றின் தடிமன், பேரிங்கில் உள்ள எண்ணெய் ஆகிய நான்கும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஒன்றை மாற்றினால் மற்ற மூன்றின் பலனும் மாறும். நான்கையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு எதனால் கெட்டது என்று தேடுவது வீண். இப்போதுதான் ஆடத் தொடங்கியுள்ள என் அக்கா மகனுக்கு, இழுத்தால் வரும் யோ-யோதான் வேண்டும். பைண்ட் போட அவன் இன்னும் பழகவில்லை. அவனுடைய யோ-யோவில் புதுப் பேட்களை ஒட்டி, 4.76 மி.மீ. அகலப் பேரிங்குக்குப் பதிலாகக் குறைந்த அகலமுள்ள பேரிங்கைப் பொருத்தி, அதில் கெட்டியான எண்ணெய் ஒரு துளி விட்டேன். இரு பாதிகளும் நெருங்கின. எறிந்து சற்றே சுண்டினால் கைக்கு வந்தது. அதே யோ-யோவில் நாளை அவன் பைண்ட் பழகியதும், பேரிங்கைக் கழுவி, அகலமானதை மாட்டினால் போதும். பேடைத் தொட வேண்டியதில்லை. மாறாக, அடங்கிய பிறகும் கவ்விக்கொண்டே இருக்கும் யோ-யோ உள்ளவர்கள், ஒரு பக்கம் மட்டும் புதிய வளையமும் மறுபக்கம் நன்றாகக் கழுவிய பழைய வளையமும் வைத்துப் பார்க்கலாம். தடிமன் சமமாக இருக்க வேண்டும் என்று மேலே சொன்னதற்கு இது முரணாகத் தோன்றலாம். பழைய வளையம் சுவர் மட்டத்துக்குக் கீழே இருப்பதால் அது கயிற்றை உரசுவதில்லை, கவ்வும் வேலையை ஒரு பக்கம் மட்டும் பார்த்துக்கொள்கிறது என்பதே வேறுபாடு. சுவர் மட்டத்துக்கு மேலே நிற்பதுதான் வம்பு.

கடைசியாக, பேட் வாங்காமலே சிலிகோனை ஊற்றிக்கொள்ளும் முறை. காரின் முன்கண்ணாடி ஓரத்துக் கசிவை அடைக்க விற்கும் இளகிய சிலிகோனை வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் பல ஆண்டுகளாக இதற்குப் பயன்படுத்துகிறார்கள். இங்கே மெக்கானிக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் கேஸ்கட் சிலிகோன் கெட்டியானது; பள்ளத்தில் தானாகப் பரவாது, பல் குத்தும் குச்சியால் பரப்ப வேண்டும். பழைய யோ-யோ ஒன்றில் செய்து பார்த்தேன். ஊற்றிய சில நிமிடங்களிலேயே வினிகர் நெடி அறை முழுக்கப் பரவியது. இவ்வகைச் சிலிகோன் இறுகும்போது அசிட்டிக் அமிலம் வெளியேறுவதால் வரும் நெடி அது. பேரிங் உட்காரும் தண்டில் ஒரு பொட்டு விழுந்தாலும் பிறகு பேரிங் நேராக உட்காராது, யோ-யோ அதிரத் தொடங்கும். எனவே தண்டைச் சுற்றிக் காகிதச் சுருள் ஒன்றை மாட்டிக்கொண்டேன். பழைய ஏடிஎம் அட்டையின் விளிம்பால் ஒரே வழிப்பில் வழித்து மட்டமாக்கி, முழுதாக ஒரு நாள் விட்டேன். முதல் பக்கம் நன்றாக வந்தது. இரண்டாம் பக்கத்தில், வழித்த பிறகும் மனம் கேளாமல் இன்னொரு முறை வழித்ததில் அலையலையாக மேடு விழுந்து, இறுகியபின் மொத்தத்தையும் சுரண்டி எடுத்து முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று. சரியாக அமைந்துவிட்டால் இதற்கு நிகராக எந்தப் பேடும் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: பள்ளத்தின் மூலைவரை நிறைந்து, பசையின்றியே பிடித்துக்கொண்டு, எவ்வளவு தாழ்வாக வேண்டுமோ அவ்வளவு தாழ்வாக வைத்துக்கொள்ள முடிகிறது. வழக்கமான அளவில் பேடே கிடைக்காத பழைய யோ-யோக்களுக்கு இதுதான் வழி. 19 மி.மீ. பேட் பொருந்தும் யோ-யோவுக்கு இவ்வளவு சிரமம் தேவையில்லை.

ஆக, என் தேர்வு சிபிசி ஸ்லிம் பேட். அனுப்பும் செலவே பொருளின் விலையைத் தொட்டுவிடும் என்பதால் தனியாக வரவழைக்க வேண்டாம். கயிறு வாங்கும்போது இரண்டு ஜோடிகளைச் சேர்த்துக்கொள்வதே புத்திசாலித்தனம். பெயரில்லாத பாக்கெட்டை முற்றாகத் தள்ளிவிடவும் மனம் வரவில்லை. வெர்னியரும் பொறுமையும் உள்ளவருக்கு மூன்று ஜோடிகள் முந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கின்றன, பழகும் யோ-யோக்களுக்கு அவை போதும். மீந்த வளையங்களை அடித்தாளோடு ஒரு மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். நான் ஒரு ஜோடியை மேசை இழுப்பறையில் திறந்தபடி போட்டுவைத்திருந்தேன். பசை தெரியும் ஓரங்களில் தூசு படிந்து, எடுத்து ஒட்டியபோது பள்ளத்தைவிடப் பென்சில் சீவல்களையே நன்றாகப் பற்றிக்கொண்டிருந்தது.